தாத்தாவின் வலது காது

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுத் தமிழ் சிஸ்டர் வகுப்புக்கு வந்தபோது, என் தோழியர் உதகைச் சுற்றுலா, மரம் வளர்ப்பு, அன்னை தெரேசா என்று ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். “நீ எதைப் பற்றி எழுதப் போகிறாய்?” என்று சிஸ்டர் என்னைக் கேட்டார். “பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்குவதைப் பற்றி, சிஸ்டர்” என்றேன். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. “எழுது, பார்க்கலாம்” என்றார். எழுதிவிட்டேன். இனி சிரிப்பதானால் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் வீடு பெரம்பூரில் இருக்கிறது. அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, எங்களோடு இருக்கிறார். ஐ.சி.எஃப். என்று எல்லோரும் சொல்லும் இரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா மருத்துவமனையில் செவிலியர். பெரும்பாலும் இரவுப் பணி, பகலில் உறக்கம். எங்கள் வீட்டுச் சுவரோ அடுத்த வீட்டில் பூண்டு உரித்தால்கூடக் கேட்கும் சுவர். ஆகவே எங்கள் வீட்டில் பாட்டு என்றால் அது காதில் மாட்டிக் கேட்கும் பாட்டுதான்.

பாட்டியை எனக்கு நினைவில்லை. நான் பிறந்த மறு வருடம் இறந்துபோனார். ஆனால் பாட்டியின் குரல் ஒரு கேசட்டில் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முன்னால், பங்குக் கோயிலின் பாடகர் குழு ஒத்திகை பார்த்ததைத் தாத்தா தம்முடைய கேசட் டெக்கில் பதிவு செய்தார். அறையின் இடப்பக்கம் ஒரு மைக், வலப்பக்கம் ஒரு மைக். பாட்டி நின்றது இடது மைக்கின் அருகில். இந்தச் சிறு விஷயத்தைத் தயவு செய்து நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தக் காலத்தில் தாத்தாவிடம் பர்மா பஜாரில் வாங்கிய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த் தட்டில் இருந்த அவை அத்தனையும் சேற்றுத் தண்ணீரில் மூழ்கிப் போயின. பீரோவின் மேல் இருந்த டெக்கும் கேசட்டுகளும் தப்பின. வெள்ளம் வடிந்த பிறகு தாத்தா, கையில் எடுத்துச் செல்லும் சின்ன கேசட் பெட்டி ஒன்றில், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அந்த ஒத்திகை நாடாவைப் போட்டுப் பார்த்தாராம். எல்லோர் குரலும் கேட்டதாம். பாட்டியின் குரல் மட்டும் கேட்கவில்லையாம். எங்கோ தூரத்தில் யாரோ முனகுவதுபோல் இருந்ததாம். “ஈரத்துல நாடா போயிடுச்சு” என்று தாமே முடிவு செய்து, கேசட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில்தான் தெரியவந்தது.

பீரோவைத் துடைக்கும்போது அந்தக் கேசட்டைக் கண்டேன். சின்னப் பெட்டியில் பேட்டரி போட்டுக் காதில் மாட்டினேன். இடப்பக்கக் காதில், என் தோளருகே நின்று பாடுவதுபோல ஒரு பெண் குரல்! உடல் சிலிர்த்துவிட்டது. “தாத்தா, பாட்டி எவ்வளவு நல்லா பாடுறாங்க!” என்று கத்தினேன். தாத்தா என் கையிலிருந்து வாங்கி மாட்டிக்கொண்டார். சிறிது நேரம் கேட்டார். பிறகு கழற்றி என்னிடமே தந்து, “எனக்குக் கேக்கலியே பாப்பா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டே யோசித்தபோதுதான் புரிந்தது. தாத்தாவின் இடது காது 2012லிருந்தே கேட்காது. ஸ்பீக்கரில் கேட்டவரையில் இரண்டு பெட்டிகளின் ஒலியும் அறையில் கலந்து வலது காதுக்கே வந்து சேர்ந்தன. ஹெட்போனிலோ இடப்பக்க ஒலி இடது காதுக்கு மட்டுமே போகும். நாடா கெடவில்லை. பாட்டி பாடிக்கொண்டேதான் இருந்திருக்கிறார், கேட்காத காதில்!

விடிந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டேன். தாத்தாவின் முகம் மாறியது. “இருக்கா... இருக்கா” என்றார். ஆனால் சற்று நேரத்தில், “மத்தவங்க எல்லாம் எங்க போயிட்டாங்க? தனியா நிக்கிற மாதிரி இருக்கே” என்றார். அதற்குள் அந்தப் பெட்டி கரகரவென்று நாடாவை இழுத்து மென்னத் தொடங்கிவிட்டது. நல்ல வேளையாகத் தாத்தா சட்டென்று நிறுத்தி, ஒரு பென்சிலைச் செருகி நாடாவைச் சுற்றி உள்ளே அனுப்பினார். அந்தப் பெட்டியில் இனிமேல் போடக் கூடாது என்று அப்போதே தீர்மானித்தோம். டெக்கில்தான் போட வேண்டும். டெக்கில் ஹெட்போன் துளை கிடையாது. ஆக, ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

அம்மாவுக்கு இதில் விருப்பமில்லை. “பப்ளிக் எக்ஸாம் வர்ற வருஷத்துல பழைய இரும்பைத் தேடிப் போறீங்களா?” என்றார். சித்தப்பா ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர். அவர் தாத்தாவிடம், “எதுக்கு மாமா பழசு? தீப்பெட்டி அளவுல புதுசு கிடைக்குது. ஹெட்போனுக்கு அதுதான் சுத்தமா இருக்கும்” என்றார். அவர் சொன்னது உண்மைதான். வெறும் ஹெட்போனுக்கு என்றே இன்று செய்யப்படும் சிறு ஆம்ப்ளிஃபயர்கள் பழையவற்றைவிட ஓசையின்றி வேலை செய்யும். ஆனால் நாங்கள் பார்த்த சிறு பெட்டிகளில் இருந்தது ஒரே ஒரு குமிழ். எங்களுக்கு வேண்டியதோ, பழைய ஆம்ப்ளிஃபயர் பலவற்றின் முகத்தில் ‘மோடு’ அல்லது ‘மோனோ’ என்று எழுதியிருக்கும் ஒரு சின்ன விசை. அதை அழுத்தினால் இடமும் வலமும் ஒன்றாகக் கலந்து இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும். கைபேசியிலும் அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனால் தாத்தாவின் விரல் பட்டால் கைபேசி எங்கெங்கோ போய்விடும். இரண்டு கம்பிகளையும் நிரந்தரமாகச் சேர்த்துவிடலாம் என்றும் சித்தப்பா சொன்னார். அதற்குத் தாத்தாவே, “பாப்பா கேக்கறப்போ ஸ்டீரியோ வேணாமா?” என்று மறுத்துவிட்டார்.

பேலன்ஸ் குமிழ் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பேலன்ஸை இடப்பக்கம் திருப்பினால் இடது காதின் ஒலிதான் கூடும். கேட்காத காதுக்குள் எவ்வளவு கூட்டி ஊற்றினாலும் என்ன பயன்?

இப்படியாக ஆம்ப்ளிஃபயர் படிப்பு தொடங்கியது. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் மின்னோட்டவியல் பாடம் எனக்கு அதுவரை வேப்பங்காய். இப்போது தானாகவே இனித்தது. பழைய ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலானவற்றில் ஹெட்போனுக்கென்று தனிச் சுற்று கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் அதே மின்சாரத்தை, நடுவில் ஒரு மின்தடையைத் தொடராக வைத்து, ஹெட்போன் துளைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தத் தடை பொதுவாகச் சில நூறு ஓம் இருக்கும். 330 ஓம் என்று வைத்துக்கொள்வோம். என் தோழி ஒருத்தியின் ஹெட்போன் 32 ஓம். தொடரிணைப்பில் மின்னழுத்தம் தடைக்கேற்பப் பிரியும் அல்லவா? 32ஐ 362ஆல் வகுத்தால், பதினொன்றில் ஒரு பங்குகூட ஹெட்போனுக்குக் கிடைப்பதில்லை.

கிடைப்பது குறைவு என்பதுகூடப் பெரிய குறையில்லை. ஆம்ப்ளிஃபயரில் வேண்டிய அளவு சக்தி இருக்கிறது. தொல்லை வேறு. ஹெட்போனின் மின்தடை எல்லாச் சுருதிக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. பல ஹெட்போன்களில் கீழ்ச் சுருதியில் ஓரிடத்தில் அது மேடுபோல உயரும். முன்னால் பெரிய தடை இருந்தால், அந்த மேட்டில் மட்டும் ஹெட்போனுக்கு அதிகப் பங்கு கிடைத்து, அங்கே ஒலி பொம்மென்று வீங்கிவிடும். தபேலா பானை மாதிரி கேட்கும். ஹெட்போனின் ஓம் எண் அதிகமாக இருந்தால் இந்தக் கெடுதல் குறையும். இதை நான் அறிவியல் சிஸ்டரிடம் படம் போட்டுக் காட்டினேன். சிஸ்டர் ஒரு திருத்தம்கூடப் போடவில்லை. (அந்த மாதத் தேர்வில் மின்னோட்டவியல் கேள்வி வரவில்லை என்பது வேறு கதை.)

சித்தப்பா தம் கூடத்தில் ஒதுக்கி வைத்திருந்த பேயர்டைனமிக் டி.டி. 770 ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் 32, 80, 250 ஓம் என்று வெவ்வேறு வகைகள் உண்டு. எங்களுக்கு வந்தது 250. இப்போது கணக்கு 250ஐ 580ஆல் வகுத்தல். பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கிறது. காதை முழுவதும் மூடும் வகையாதலால் வெளியே ஒலி கசியாது. அம்மா தூங்கலாம்.

கடைக்காரர்கள் முதலில் சொல்வது ‘வாட்ஸ்’. நூறு வாட், நூற்றிருபது வாட் என்று மார்தட்டுவார்கள். ஹெட்போனுக்கு அது தேவையே இல்லை. இந்த ஹெட்போனுக்கு ஒரு மில்லிவாட், அதாவது வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே 96 டெசிபல் ஒலி வரும். அது காதுக்கு அதிகம். தாத்தாவுக்கு மீதமிருப்பது ஒரு காது. அதையும் கெடுத்துவிடக் கூடாது என்பதில் அம்மா மிகக் கண்டிப்பு.

தேர்வுகளுக்கு இடையே கிடைத்த ஒரு சனிக்கிழமை, தாத்தாவும் நானும் ரிச்சி தெருவுக்குப் போனோம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால், ஒரு பக்கம் கம்பிச் சுருள், ஒரு பக்கம் கணினி, நடுவில் மனிதர்கள், மனிதர்களின் தலைக்கு மேலே ஒயர்கள். தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வழி தவறிவிடுவேன் என்றுதான் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பழைய சாமான் விற்கும் ஒரு மாடிக் கடையில் மூன்று ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. கடைக்கார பாய் தாத்தாவுக்கு ஸ்டூல் போட்டு, தேநீரும் வரவழைத்தார்.

முதலாவதைக் கண்டதும் எனக்கு மற்றவை கண்ணில் படவில்லை. வெள்ளி முகம், நீல விளக்கு, இரண்டு முள்கள் பாட்டுக்கேற்பத் துள்ளும் மீட்டர். அதையே வாங்கிவிடலாம் தாத்தா என்று கண்ணால் கெஞ்சினேன். தாத்தா, “பாட்டுப் போடாம மாட்டு” என்றார். ஹெட்போனை மாட்டி, ஒலியைக் குறைத்து, சும்மா கேட்டேன். ம்ம்ம்ம் என்று தேனீக் கூடு. ஸ்பீக்கரில் ஐந்தடி தள்ளிக் கேட்டால் தெரியாத இரைச்சல், காதோடு ஒட்டிக் கேட்கும்போது மறைவதில்லை. உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கிகள் வயதாகிக் காய்ந்துவிட்டால் இப்படி வரும் என்று பாயே ஒப்புக்கொண்டார். மோனோ விசையும் அதில் இல்லை. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வயதானவர்களின் நோயை ஊரறியச் சொல்வது முறையல்ல.

இரண்டாவது ஒரு சான்சூய். கறுப்பு முகம், கனமான உடல். 1947இல் டோக்கியோவில் மின்மாற்றி செய்யும் தொழிலாகத் தொடங்கிய நிறுவனம் அது. மின்மாற்றிக்குப் பேர்போனது. தூக்கிப் பார்த்ததும் தாத்தா, “இரும்பு ஏமாத்தல” என்றார். மோனோவும் இருந்தது. விலையும் படிந்துவிடும் போலிருந்தது. தாத்தா பின்பக்கத்தைத் திருப்பினார். தகட்டில் 100 வோல்ட் என்று எழுதியிருந்தது. ஜப்பானுக்குள்ளேயே விற்கச் செய்யப்பட்டது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. தனியாக ஒரு மின்மாற்றிப் பெட்டி வைத்து ஓட்டலாம். பலர் அப்படி ஓட்டுகிறார்கள். ஆனால் தாத்தா அதன் மேல் கையை வைத்தபடியே நெடுநேரம் நின்றார். “என்னைக்காவது ஒருநாள் நீயோ அம்மாவோ மறந்துபோய் செவுத்துல சொருகிடுவீங்க” என்று சொல்லிக் கையை எடுத்துவிட்டார். அந்தக் கையை எடுக்க அவருக்கு மனமில்லை என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாவதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மரப்பெட்டியின் மேல் உறை உரிந்திருந்தது. ட்ரெபிள் குமிழைக் காணோம், வெறும் இரும்புக் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு விளக்கு எரியவில்லை. 1970களில் செய்த பயனியர். பின்பக்கத்தில் வோல்ட் மாற்றும் திருகு 240இல் நின்றது. முன்பக்கத்தில், ஆம், மோடு விசை. இந்தப் பயனியர் நிறுவனத்தைப் பற்றி நான் பிறகு படித்த ஒரு செய்தி நம் பள்ளியில் எல்லோருக்கும் பிடிக்கும். 1938இல் அதைத் தொடங்கிய நொசோமு மட்சுமோட்டோ ஒரு கிறிஸ்தவப் போதகரின் மகன். ‘ஃபுகுயின்’ என்ற சொல்லில் தொடங்கும் பெயரைத்தான் முதலில் வைத்தார். ஜப்பானிய மொழியில் அதற்கு ‘நற்செய்தி’ என்று பொருள். 1961இல்தான் நிறுவனத்துக்குப் பயனியர் என்ற பெயர் வந்தது.

தாத்தா தம் பையிலிருந்து மல்ட்டி மீட்டரை எடுத்ததும் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பெரியவர் நம்ம லைன் போலிருக்கே” என்றார். பாட்டு எதுவும் ஓடாதபோது ஸ்பீக்கர் முனைகளில் நேர்மின்சாரம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. ஹெட்போன் அந்த முனையோடு சேர்ந்தே இருப்பதால் இதைப் பார்க்காமல் மாட்டக் கூடாது. ஒரு பக்கம் 12, மறு பக்கம் 19. பிறகு என் கைபேசியைக் கம்பியால் இணைத்துப் பாட்டுப் போட்டோம். ஒலிக் குமிழைத் திருப்பினால் வறுகடலை மெல்லும் சத்தம். பாய் மூடியைக் கழற்றி, குமிழின் அடியில் மருந்து அடித்து, இருபது முறை இப்படியும் அப்படியும் திருப்பினார். சத்தம் போயிற்று. மிகக் குறைந்த ஒலியில் மட்டும் வலப்பக்கம் சற்று முந்தியது. பழைய குமிழ்களின் இயல்பு அது. ஹெட்போனில் கேட்கும்போது குமிழ் எட்டு மணி, ஒன்பது மணி அளவைத் தாண்டுவதே இல்லை என்பதால் இந்தக் குறை நன்றாகவே தெரியும். அதற்குத்தான் பேலன்ஸ் இருக்கிறதே.

கடைசியாக நான் ஒரு சோதனை செய்தேன். இதை நானே யோசித்தேன் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். வலப்பக்கத்துப் பின்னைக் கழற்றிவிட்டேன். இடது காதில் மட்டும் பாட்டு. தாத்தாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். “ஒண்ணும் இல்லை” என்றார். மோனோவைத் தட்டினேன். தாத்தாவின் புருவம் உயர்ந்தது.

பாய் ஒன்பதாயிரம் சொன்னார். ஏழாயிரத்தில் நின்றது. தாத்தாவின் ஓய்வூதியத்தோடு என் உண்டியல் பணம் எழுநூறும் சேர்ந்தது. காணாமற்போன குமிழுக்குப் பதிலாக வேறு ஏதோ பெட்டியின் கறுப்புக் குமிழ் ஒன்றைப் பாய் இலவசமாகப் பொருத்திக் கொடுத்தார். ஆட்டோவில் தாத்தா அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். “பின்னாடி வையுங்க பெரியவரே” என்று ஓட்டுநர் எத்தனையோ சொல்லியும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மாலை ஐந்து மணி. இரவுப் பணிக்காக அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். டெக்கின் பெல்ட்டுகளை முந்தைய வாரமே மாற்றி வைத்திருந்தோம். ஹெட்போனின் சின்ன முனையில் பெரிய முனையைத் திருகினேன். பழைய துளைக்கு 6.35 மில்லிமீட்டர் முனைதான் சேரும். தாத்தா மாட்டிக்கொண்டார். நான் கேசட்டைப் போட்டு, மோனோவைத் தட்டிவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தேன். மூடிய ஹெட்போன் ஆதலால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தாத்தாவின் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது.

வெகுநேரம் அவர் அசையவில்லை. பிறகு திடீரென்று ஒரு விரலை உயர்த்தினார். “இரு, இரு... ரெண்டாவது சரணம் வரட்டும்” என்றார், காதில் மாட்டியிருப்பதை மறந்து உரக்க. “எப்பவும் அரைத் தாளம் முந்திடுவா. சாமியார் அன்னைக்கு ரெண்டு தடவை சொன்னாரு.” விரல் காற்றிலேயே நின்றது. சரணம் வந்திருக்க வேண்டும். தாத்தா சிரித்துவிட்டார். “முந்திட்டா! பாரு, முந்திட்டா!”

சத்தத்தில் அம்மா எழுந்து வந்துவிட்டார். கலைந்த தலையோடு வாசலில் நின்று, “என்னப்பா ஆச்சு?” என்றார். தாத்தா ஹெட்போனைக் கழற்றி அம்மாவின் தலையில் மாட்டினார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவராகக் குனிந்து, “உனக்கு ரெண்டு காதும் நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லி, விசையை மறுபடி ஸ்டீரியோவுக்குத் திருப்பினார்.

அம்மாவின் தலை மெல்ல இடப்பக்கம் திரும்பியது, அங்கே யாரோ நிற்பதுபோல.

வழக்கமாக அம்மா ஏறும் பேருந்து அன்று அவரில்லாமலே போயிற்று. அடுத்த பேருந்தில்தான் பணிக்குப் போனார்.